ஆமாஞ்சாமியின் கார்

தொழிற்சாலையில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளர் எதைச் சொன்னாலும் "ஆமா" என்பார். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்பார். ஒருநாள் சாப்பாட்டு அறையில் ஒருவர் தன் மாமனார் தவறிப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர், மற்றவர்கள் முகத்தைப் பார்க்காமல், "அப்படியா, ரொம்ப நல்லது" என்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் உட்காரும் மேசையில் ஆள் குறைந்தது. மேலிடத்துக்குக் காக்கா பிடிக்கிற ஆள் என்று சிலர் சொன்னார்கள். மூளை கொஞ்சம் மந்தம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை. மனிதருக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இருபத்தாறு வருடம் தகரம் வெட்டும் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றவர் அவர். ஒரு மிதி, ஒரு இடி, ஒரு டப்பா மூடி. முதலில் பறவைச் சத்தம் போனது. போனதே அவருக்குத் தெரியாது. பிறகு கடிகாரம் போனது. பிறகு குழாயில் தண்ணீர் சொட்டுவது. கடைசியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, மனிதர் பேச்சு வெறும் முனகலாக மிஞ்சியது.

வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சாலையில் காதுப் பரிசோதனை உண்டு. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். தேறாதவர்களை பிரஸ்ஸிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். இயந்திரத்தில் நின்ற ஆளுக்கு அது பாதி செத்த மாதிரி. ஆமாஞ்சாமி ஒன்றைக் கண்டுபிடித்தார்: பரிசோதிக்கும் நர்ஸ் ஒவ்வொரு சத்தத்தையும் அனுப்பிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். அவள் நிமிரும்போதெல்லாம் இவர் பொத்தானை அழுத்தினார். பதினோரு வருடம் அப்படியே தேறினார்.

வீட்டில் மனைவியிடமும் அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை என்பதுதான் உண்மை. அவளுடைய உதடுகள் அவருக்கு மனப்பாடம். அவள் வாயைத் திறக்கும்போதே பருப்பா, பாலா, மகளின் பள்ளிக்கூடமா என்று தெரிந்துவிடும். "கொஞ்சம் காது மந்தம், பிரஸ் சத்தம் அப்படி" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்வாள். கொஞ்சம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மகள் கல்யாணமாகி ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊருக்குப் போனாள். அவளுக்குப் பிரசவம் என்று மனைவி மூன்று மாதத்துக்குப் புறப்பட்டாள். ஒரு பெட்டி, ஒரு கட்டைப்பை, குழந்தைக்குப் பின்னிய இரண்டு கம்பளிச் சட்டை. மூன்று மாதம் ஆறு மாதமானது. ஆறு மாதம் மூன்று வருடமாகிவிட்டது.

ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. முதல் வருடத்தில் இரண்டு தடவை பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மகள் வீட்டில் அவரை நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் அம்மாவும் மகளும் பேச, மருமகன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்க, அவரும் ஒரு நொடி தள்ளிச் சிரிப்பார். விருந்தாளி மாதிரி இருந்தது. பேருந்தோ அதைவிடக் கொடுமை. நடத்துநர் கேட்பது, பக்கத்து இருக்கைக்காரர் ஊர்க்கதை பேசுவது, வழியில் வண்டி மாற வேண்டும் என்று அறிவிப்பது. ஒருமுறை மாறாமல் உட்கார்ந்திருந்து வேறொரு ஊரில் போய் இறங்கினார். அதன்பிறகு போகவில்லை. மனைவி போன் செய்வாள். அவர் "ஆமா", "சரி", "நல்லாருக்கேன்" என்று மூன்று வார்த்தையை மாற்றி மாற்றிப் போடுவார். போன் வருவதும் குறைந்தது.

தொழிற்சாலை வேறு இடத்துக்கு மாறியபோது அவரை அனுப்பிவிட்டார்கள். இனிமேல் ஒளிக்க யாருமில்லை என்று காதுக்கருவி ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தார். கரண்டி விழுந்தால் சம்மட்டி விழுந்த மாதிரி இருந்தது; பேச்சு மட்டும் அதே முனகல்தான், கொஞ்சம் பெரிய முனகல். ஒரு வாரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

கார் வந்தது அதற்குப் பிறகுதான். பழைய இரண்டு கதவு வண்டி. என்ஜின் இறுகிப்போய், கதவுக்கு அடியில் துரு தின்று, ஒரு வீட்டின் பின்புறம் செடி மூடிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்தார்கள். பழைய இரும்புக் கிடங்கில், முன்பக்கம் நொறுங்காமல் பின்பக்கம் மட்டும் நசுங்கிய பெரிய கார் ஒன்று கிடந்தது. அதன் டர்போ என்ஜினை, கியர் பெட்டியோடும் நான்கு சக்கரத்து பிரேக்கோடும் கழற்றி வந்தார். சின்ன வண்டிக்குள் பெரிய என்ஜின். எலிக்குப் புலியின் இதயத்தை வைக்கிற வேலை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஒரு வருடம் நான்கு மாதம் அதிலேயே கிடந்தார். கைவேலைக்கு யாரும் பேச வேண்டியதில்லை. போல்ட் கேள்வி கேட்காது.

முதல்முதலாக அதைக் கிளப்பிய நாள் ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. சைலன்சர் என்று பெயருக்கு ஒரு காலிக் குழாய்தான் இருந்தது. சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்ததும் இருக்கையின் வழியாக முதுகெலும்பில் ஏறி, நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ பேசியது. பல வருடம் கழித்து ஒரு சத்தம் அவருக்குள் வந்தது. காதால் அல்ல, உள்ளங்கையால், தொடையால், பல்லால். நான்கு சிலிண்டரும் வரிசையாகப் பேசுவது தனித்தனியாகத் தெரிந்தது. மூன்றாவது மட்டும் கொஞ்சம் திக்கியது. அவர் இறங்கிப் போய் அதன் பிளக்கை மாற்றினார். திரும்ப வந்து உட்கார்ந்தார். இப்போது திக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மதியம்வரை உட்கார்ந்திருந்தார். அன்று சாப்பிட மறந்துவிட்டார்.

இந்த வண்டியில் மகள் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. யாரும் ஊர் பெயர் கேட்க மாட்டார்கள். எங்கும் மாற வேண்டாம்.

போக முடியவில்லை. பெட்ரோல் போடச் சாலையில் இறக்கிய முதல் நாளே போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். ஜன்னலில் குனிந்து அவர் என்னென்னவோ கேட்டார். மீசை உதட்டை மறைத்துவிட்டது. இவர் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றார். என்ஜின் மாத்தியிருக்கா, ஆமா. அனுமதி இருக்கா, ஆமா. அப்போ காட்டுங்க என்று கையை நீட்டியபோதுதான் இவருக்கு விஷயம் விளங்கியது. முன்கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டது. சான்று பெறும்வரை வண்டி சாலையில் ஓடக் கூடாது. இழுவை வண்டி ஒன்று வந்து காரைத் திரும்பக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஏதோ சொன்னார்கள். என்ன என்று இவருக்குத் தெரியாது.

மாற்றியமைத்த வண்டிகளைச் சோதித்துச் சான்று தருகிற பொறியாளர் அந்த வட்டாரத்துக்கு ஒரே ஒருவர்தான். லாரி எடைமேடைக்குப் பின்னால் ஒரு உயரமான கொட்டகை, தரையில் ஆள் இறங்கிப் பார்க்கிற நீளமான குழி, ஒரு மேசை, ஒரு தேநீர் பிளாஸ்க். நாற்பது வயதுக்காரப் பெண்மணி. நீலச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். சிரிப்பு கம்மி. வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்பது அவருடைய அனுபவம்.

ஆமாஞ்சாமியின் கார் இழுவை வண்டியில் வந்து இறங்கியது. பொறியாளர் குழிக்குள் இறங்கி அடியிலிருந்து பார்த்தார். ஆமாஞ்சாமி மேலே நின்றார். குழிக்குள் இருக்கிறவரின் முகம் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வெளிச்சம் நகர்ந்தால் பார்க்கிறார் என்று அர்த்தம். ஒரே இடத்தில் நின்றால் ஏதோ கேட்கிறார் என்று அர்த்தம். வெளிச்சம் நின்றபோதெல்லாம் இவர் குனிந்து, குழியைப் பார்த்து, "ஆமா மேடம்" என்றார். ஏழெட்டு தடவை சொல்லியிருப்பார். மேலே வந்த பொறியாளர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு முக்காலியில் ஒலிவாங்கியைப் பொருத்திப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் சாய்வாக வைத்து, என்ஜினை முறுக்கச் சொல்லிக் கை காட்டினார். இவர் முறுக்கினார். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. எடைமேடைக்காரர் வெளியே ஓடிவந்து பார்த்தார். இவருக்கோ நெஞ்சுக்குள் இதமாக இருந்தது.

மூன்றாம் நாள் தபாலில் அறிக்கை வந்தது. சான்று மறுக்கப்பட்டிருந்தது. சத்தம் நூற்று நான்கு டெசிபல், அனுமதி தொண்ணூறு. அதை அவர் எதிர்பார்த்திருந்தார். அதற்குக் கீழே இருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். "வண்டியின் அடிச்சட்டத்தை அறுத்து ஒட்டியதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டார். பின் பிரேக் பழைய சிறிய வண்டியுடையது என்று ஒப்புக்கொண்டார். பற்றவைப்பு வேலைகளைப் பயிற்சியில்லாமல் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார்."

அடிச்சட்டத்தில் அவர் ரம்பத்தையே வைக்கவில்லை. என்ஜினைத் தாங்க ஒரு தகடு பற்றவைத்தார், அதுவும் தொழிற்சாலையில் வெல்டிங் தேர்வெழுதித் தேறிய கை. பிரேக் நான்குமே பெரிய வண்டியோடது. கழற்றும்போது கட்டைவிரல் நகம் போனது இன்னும் வளரவில்லை. பொய் எழுதியிருக்கிறாளே என்று முதலில் கோபம் வந்தது. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்போதே நடந்தார்.

பொறியாளர் மேசையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் தாளை அவர் முன்னால் வைத்து, நான் எதையும் அறுக்கவில்லை என்றார். பொறியாளர் கரண்டியைக் கீழே வைத்தார். இப்போது முகம் நேராக இருந்தது, வெளிச்சமும் இருந்தது. உதடு படிக்க முடிந்தது.

"மூணு தடவை கேட்டேன் சார். மூணு தடவையும் ஆமான்னு சொன்னீங்க."

ஆமாஞ்சாமி வாயைத் திறந்தார். ஏதாவது சாக்கு சொல்லலாம். வயசாச்சு, மறந்துபோச்சு, தப்பா விளங்கிக்கிட்டேன். பதினைந்து வருடமாகச் சாக்குகளுக்குப் பஞ்சமே வந்ததில்லை. ஆனால் அடிச்சட்டத்தை அறுத்தவன் என்று எழுத்தில் இருக்கிறதே. வேறு எந்தப் பழியையும் தாங்கலாம், வேலை தெரியாதவன் என்ற பழியைத் தாங்க முடியவில்லை.

"எனக்குக் காது கேக்காது மேடம்" என்றார்.

மனைவியிடம் சொல்லாதது, பெற்ற மகளிடம் சொல்லாதது, யாரோ ஒரு அம்மாவிடம், அவருடைய சாப்பாட்டு நேரத்தில் சொல்லியாயிற்று.

பொறியாளர் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கினார். பிறகு எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். ஒரு புதுத் தாளை எடுத்து, எல்லாக் கேள்வியையும் ஒவ்வொன்றாக எழுதி அவர் பக்கம் திருப்பினார். இவர் ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதினார். இருபத்திரண்டு கேள்வி. முக்கால் மணி நேரம் ஆனது. சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் அந்த அம்மாள் எழுதியது கேள்வியல்ல: "கேட்கவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. நான் குழியைவிட்டு மேலே வந்திருப்பேன்."

அறிக்கையைத் திருத்தித் தருவதாகச் சொன்னார். ஆனால் சத்தம் சத்தம்தான். அதில் சலுகை கிடையாது. சட்டம் கேட்காத ஒன்றையும் கேட்டார்: காது இல்லாதவர் கண்ணால்தான் ஓட்ட வேண்டும், அதனால் பின்னால் வருவதைப் பார்க்க உள்ளே அகலமான கண்ணாடி ஒன்றும் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடியும் பொருத்த வேண்டும். இவர் சரி என்றார். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சொன்ன சரி.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் மனம் வேறு பக்கம் போனது. மூன்று தடவை ஆமா என்று சொல்லி, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். இதுமாதிரி இன்னும் எங்கெங்கே, யார் யாரிடம், எதை எதை ஒப்புக்கொண்டேனோ? தேறாத கணக்கு அது. ஆனாலும் நினைவைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். தெருமுனையில் நின்றுவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு போன். மனைவி போய் நான்காவது மாதம் இருக்கும். மதிய இடைவேளையில், தொழிற்சாலைச் சுவரோரம் நின்று எடுத்தார். வழக்கத்தைவிட நீளமாக அவள் பேசினாள். முனகல் ஏறியது, இறங்கியது. பிறகு நின்றது. அவள் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டுமே என்று இவர், "சரி சரி, அப்படியே செய்" என்றார். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு துண்டிக்கப்பட்டது.

என்ன கேட்டாள்?

போன் செய்து கேட்க முடியாது. எழுதிக் கேட்கலாம். எழுத உட்கார்ந்தார், மூன்று தடவை அழித்தார். முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு வண்டி வேண்டும்.

சைலன்சர் கடைக்காரர், ஊரே "புகை" என்று கூப்பிடும் மனிதர், வண்டியைச் சுற்றிவந்து ஒரு கணக்குச் சொன்னார். நடுவில் ஒரு பெரிய சைலன்சர், பின்னால் இன்னொன்று, அது போதாது. என்ஜினைத் தாங்குகிற இரும்பு போன்ற கெட்டி ரப்பரை எடுத்துவிட்டு மெத்தென்ற ரப்பர் போட வேண்டும்; இல்லையென்றால் உடம்புத் தகரமே கூடச் சேர்ந்து சத்தம் போடும்.

ஆமாஞ்சாமி முதலில் மறுத்தார். கெட்டி ரப்பரை அவர்தான் தேடிப்பிடித்துப் போட்டது. அது வழியாகத்தான் என்ஜின் அவரோடு பேசியது. அதை எடுத்தால் என்ன மிஞ்சும்? இதை எப்படிப் புகைக்கு விளக்குவது? "வேற வழி இல்லையா?" என்று மட்டும் கேட்டார். புகை, வாயை நன்றாகத் திறந்து, "ரெண்டுல ஒண்ணுண்ணே. ரோட்டுல ஓட்டணுமா, கொட்டகையில வச்சுக் கும்பிடணுமா?" என்றார்.

நான்கு நாளில் வேலை முடிந்தது. கண்ணாடிகளை அவரே பொருத்தினார். கொட்டகையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார், கையில் நறநறவென்று ஒரு அரைப்பு தெரிந்தது. முன்னால் என்ஜினின் சுற்றைக் காட்டும் மீட்டரைப் பார்த்தார். முள் எண்ணூறில் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் முதல் தடவையே கிளம்பிவிட்டிருக்கிறது. ஓடுகிற என்ஜினைத்தான் மறுபடி கிளப்பியிருக்கிறார். உள்ளங்கையை ஸ்டீயரிங்கில் அழுத்திவைத்தார். கதவில் முழங்கையை வைத்தார். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்தார். எங்கோ தூரத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். உலகத்தில் அவரிடம் புரிகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதன் வாயையும் அவரே காசு கொடுத்து அடைத்திருக்கிறார். என்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பட்டப்பகல் மூன்று மணி.

இரண்டாவது சோதனை நன்றாக நடந்தது. பொறியாளர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் கருவியை வைத்துக்கொண்டு, கையசைவால் சொன்னார்: வேகம், நிறுத்து, இடது, வலது. காலி மைதானத்தில் கூம்புகளை வைத்து அவற்றுக்கு நடுவே வளைத்து ஓட்டச் சொன்னார். அறுபதில் போகும்போது உள்ளங்கையைச் சட்டென்று கீழே இறக்கினார்; இவர் பிரேக்கை மிதித்தார்; வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. சத்தம் எண்பத்தெட்டு. குழியில் இறங்கியவர், ஒவ்வொரு கேள்விக்கும் ஏணியில் ஏறி முகம் காட்டிக் கேட்டுவிட்டு மறுபடி இறங்கினார். வேர்த்துவிட்டது அவருக்கு. கடைசியில் விரல் நீளத் தகடு ஒன்றில் எண்களைப் பொறித்து, என்ஜின் அறையின் சுவரில் இரண்டு ரிவிட் அடித்துப் பொருத்தினார். முன்கண்ணாடியின் சிவப்புத் தாளைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்ததும் அவர்தான். "நல்ல வேலை சார்" என்றார், நேராக நின்று, மெதுவாக. கை குலுக்கினார். அடுத்த வண்டி வாசலில் நின்றது. ஆமாஞ்சாமி கிளம்பவில்லை. இன்னும் ஏதாவது தாள் எழுத வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், முடிந்தது என்று அவர் தலையசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டார். சாலையில் எல்லாம் படம் மாதிரி ஓடியது, ஒலியில்லாத படம். கண்ணாடி மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கியர் மாற்ற முள்ளைப் பார்க்க வேண்டியிருந்தது. முன்பானால் தொடை சொல்லியிருக்கும். நீளமான நேர்ச்சாலை வந்தபோது, இந்த வண்டி எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் போகவில்லை. சொல்லப்பட்ட வேகத்திலேயே போனார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். "அப்பா" என்ற உதடு தெரிந்தது, மீதி தெரியவில்லை. மருமகன் கீழே போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்து ஏதோ வியந்தார். மூன்று வயதுப் பேத்தி இவரைப் பார்த்துவிட்டுப் பாட்டியின் பின்னால் ஒளிந்தாள். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். முன்நெற்றி நரைத்திருந்தது. அவர் பார்த்திராத கண்ணாடி ஒன்று போட்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு, பால்கனியில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு அவளை உட்காரச் சொன்னார். வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி பார்த்து உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் போன்ல என்ன கேட்ட?"

எந்த போன் என்று அவள் கேட்கவில்லை. அந்த ஒன்றுதான் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"இவ வேலைக்குத் திரும்பணும், கொழந்தையப் பாத்துக்க ஆள் இல்லை, நான் இங்கயே இருந்துரவான்னு கேட்டேன். உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, வந்துடறேன்னும் சொன்னேன். நீங்க சரி சரி, அப்படியே செய்னுட்டீங்க." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஒரு வார்த்தை, ஏன் வரலைன்னு நீங்க கேக்கலை."

"எனக்குக் கேக்கலை."

"அதத்தான் நானும் சொல்றேன். கேக்கலை."

"இல்லம்மா." அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் கேக்கலை. நீ சொன்னது ஒண்ணுமே காதுல விழலை. போன்ல எப்பவுமே விழலை. ரொம்ப வருஷமா."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஒரே சொல், இரண்டு அர்த்தம். அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வருடம் போயிருந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை, முகம் சிவந்தது. எழுந்து உள்ளே போனாள். சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. அவள் அங்கே பாத்திரத்தைத் தூக்கிப் போட்டாளா, மகளிடம் கத்தினாளா, எதுவும் இவருக்குத் தெரியாது. மகள் ஒருமுறை வெளியே வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். அவர் பால்கனியில் உட்கார்ந்து கீழே நின்ற தன் காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்போது அவளே வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்துப் பேசினாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

வெட்கம் என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. சொன்னால் அவள் பேசுவதை நிறுத்திவிடுவாளோ என்ற பயம் என்று சொல்லலாம். அதைத்தான் சொன்னார், வேறு வார்த்தையில், திக்கித் திக்கி.

வீட்டுக்கு வந்துவிடு என்றும் கேட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது. அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. கீழ்த்தளத்துத் தையல்கடையில் பாதி நாள் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். குழந்தை அவளை விட்டுத் தூங்காது என்றாள். "நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு நெனச்சு, இங்க ஒரு இடத்தைப் பண்ணிக்கிட்டேன். இப்ப அதைப் பிச்சுக்கிட்டு வர்றதுக்கு எனக்கு நாள் வேணும்." எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, இந்தத் தடவை கேட்காமல் விட்டது அவளை அவசரப்படுத்தக் கூடாது என்பதற்காக.

மறுநாள் காலை அவர் புறப்பட்டபோது அவள் கீழே இறங்கி வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இதை நீங்களே கட்டினீர்களா என்று கேட்டாள். பின் இருக்கை இல்லையே என்றாள். போட்டுவிடலாம், ஆனால் மறுபடி சான்று வாங்க வேண்டும் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஏறி உட்காரவில்லை. பேத்தி ஜன்னலில் கை வைத்துப் பார்த்து, கண்ணாடியில் விரல் அடையாளத்தை விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் மாதம் இரண்டு தடவை போய்வருகிறார். மனைவி ஒருமுறை வந்து ஒரு வாரம் இருந்தாள். சமையல் மேடையிலிருந்து ஸ்பேனர்களை எடுத்துக் கொட்டகையில் வைத்தாள், திரைச்சீலைகளைத் துவைத்தாள், எட்டாம் நாள் அவரே காரில் கொண்டுபோய் விட்டார். வந்துவிடுவாளா என்று தெரியாது. அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. போனில் பேசுவதை அவள் நிறுத்திவிட்டாள், எழுதி அனுப்புகிறாள். முதலில் ஒரு வரி எழுதினாள். இப்போது பத்துப் பதினைந்து வரி எழுதுகிறாள். தையல்கடைக்காரி கோபித்துக்கொண்டது, மகளுக்கு முதுகுவலி, குழந்தைக்குச் சளி பிடித்தது. அதையெல்லாம் அவர் கொட்டகையில் நின்று இரண்டு தடவை படிப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல், போனை எடுத்து எழுதினார். வந்து சேர்ந்தேன் என்று எழுதியதோடு விடவில்லை. வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததை எழுதினார். அதில் ஏற்றியிருந்ததெல்லாம் மர நாற்காலி. சாலையோரம் நூறு நாற்காலிகளை ஒழுங்காக நிமிர்த்தி வைத்திருந்தார்கள், ஒன்றில்கூட ஆள் இல்லை, ஓட்டுநர் மட்டும் புல்லில் உட்கார்ந்திருந்தார் என்று எழுதினார். எழுதியது சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினார். ஐந்து நிமிடம் பார்த்தார். பதில் வரவில்லை. அது குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் ஒரு ஆளுக்கு அரிசி அளந்து உலையில் போட்டார்.